நான்கு நியூட்ரான்களை எண்ணியது யார்?

ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை கையில் கிடைத்தால், தலைப்பில் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய குறிப்பின் தலைப்பு, 'நியூட்ரான் இருப்பதற்கான சாத்தியம்'. இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார். நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்புக்கே அவ்வளவுதான் உரிமை கொண்டாடினார்.

சரியாக 90 வருஷம் கழித்து, 2022-இல், அதே இதழில் மெய்தால் டூவரும் அவரது குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஒன்றோடொன்று தொடர்புள்ள, தனித்த நான்கு-நியூட்ரான் அமைப்பின் அவதானிப்பு'. இந்த 'அவதானிப்பு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஏன் என்றால், அந்தக் கட்டுரையின் முடிவு எந்த நியூட்ரானின் பதிவையும் நம்பி நிற்கவில்லை. நான்கு நியூட்ரான்களைப் பற்றிய கட்டுரையில், நியூட்ரான் டிடெக்டருக்கு முக்கிய வேடம் இல்லை!

அடுத்த வருஷம், 2023-இல், அதே ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம், அதே சாமுராய் நிறமாலைமானி. யோசுகே கோண்டோ தலைமையில் வந்த கட்டுரை 'ஆக்சிஜன்-28-இன் முதல் அவதானிப்பு'. இதிலும் நான்கு நியூட்ரான்கள் உண்டு. ஆனால் இதில் நான்கையும் தனித்தனியாகப் பிடித்தார்கள். இரண்டு கட்டுரைகளிலும் அவதானிப்பு என்ற ஒரே சொல். வேலை முற்றிலும் வேறு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, ஒரு வாசகராக நாம் எதைக் கேட்டுப் படிக்க வேண்டும் என்பதை எழுதிப் பார்க்கிறேன். நான் இயற்பியல்காரன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு, நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவன். ஆனால் இந்தத் துறையின் மையச் சிக்கல் ஒரு நிரல்காரனுக்கு ரொம்பப் பழக்கமான சிக்கல் என்பதால்தான் துணிகிறேன்.

முகம் காட்டாத விருந்தாளி

புரோட்டானும் ஆல்ஃபா துகளும் மின்னூட்டம் உள்ளவை. பொருளுக்குள் போனால் வழியெல்லாம் எலக்ட்ரான்களை உதைத்துக்கொண்டு, தடம் விட்டுக்கொண்டே போகும். காந்தப்புலத்தில் வளையும். எங்கே வந்தது, என்ன வேகம் என்று நிம்மதியாக அளக்கலாம். நியூட்ரானுக்கு இதெல்லாம் கிடையாது. அது எதையாவது மோதி, மோதப்பட்ட மின்னூட்டமுள்ள துகள் ஓடினால்தான் நியூட்ரான் வந்ததே நமக்குத் தெரியும். சாட்விக் செய்ததும் அதுதான். பாரஃபின் மெழுகிலிருந்து தெறித்த புரோட்டான்களை வைத்துத்தான் நியூட்ரானை ஊகித்தார். அதே புரோட்டான்களை அவருக்குச் சற்று முன்னால் பார்த்த ஜோலியோ-கியூரி தம்பதி, அவற்றைத் தெறிக்க வைத்தது காமாக் கதிர் என்று முடிவு கட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான், வாசிப்புதான் இரண்டு. இந்தத் துறை பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது.

இன்றைக்கும் உத்தி மாறவில்லை. மெழுகுக்குப் பதிலாக சிந்திலேட்டர் பிளாஸ்டிக். நியூட்ரான் உள்ளே ஒரு ஹைட்ரஜனையோ கார்பனையோ மோதினால், தெறிக்கும் துகள் பிளாஸ்டிக்கை மினுக்க வைக்கும். கட்டையின் இரண்டு முனையிலும் போட்டோமல்டிப்ளையர் குழாய். இரண்டு முனைக்கும் ஒளி வந்த நேர வித்தியாசத்தில் இடம் தெரியும், சராசரியில் நேரம் தெரியும். இலக்கிலிருந்து டிடெக்டர் வரை எவ்வளவு நேரத்தில் ஓடி வந்தது என்பதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து ஆற்றல்.

ஆற்றல் அதிகமாக ஆக இது சிரமமாகிக்கொண்டே போகும். 200 எம்.இ.வி. நியூட்ரான், ஒளிவேகத்தில் சுமார் 57 சதவீத வேகத்தில் வரும். 10 மீட்டரைக் கடக்க 59 நானோ விநாடி. நேரத்தை அளப்பதில் 1 நானோ விநாடி பிசகினால் ஆற்றலில் 9 எம்.இ.வி. பிசகும். 600 எம்.இ.வி. நியூட்ரானுக்கு அதே 1 நானோ விநாடிப் பிசகு 60 எம்.இ.வி.க்கும் மேல். ஒளிவேகத்தை நெருங்க நெருங்க, ஆற்றல் கூடினாலும் வேகம் அவ்வளவாகக் கூடாது, அதனால்தான் இப்படி. ஆகவே உயர் ஆற்றல் நியூட்ரான்களுக்கு தூரமும் வேண்டும், நானோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமும் வேண்டும். தூரம் வைத்தால் டிடெக்டர் அகலமாக வேண்டும். நியூட்ரான் எதையும் மோதாமல் நழுவிவிடக் கூடாது என்பதால் ஆழமாகவும் வேண்டும். இப்படித்தான் இந்த டிடெக்டர்கள் எல்லாம் சுவர் சுவராக வளர்ந்தன.

ஆனால் உண்மையான தலைவலி ஒரு நியூட்ரானின் ஆற்றல் இல்லை. எத்தனை நியூட்ரான் வந்தது என்பதுதான்.

பந்தியில் இலை எண்ணுவது

கல்யாண வீட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை, சாப்பிட்டு முடித்த இலைகளை எண்ணி மட்டுமே சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விதத்தில் கணக்கு தப்பும். ஒன்று, சாப்பிடாமலே போனவர்கள். இலையே இல்லை, கணக்கிலும் இல்லை. இன்னொன்று, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அடுத்த பந்தியிலும் உட்கார்ந்த புண்ணியவான். ஆள் ஒன்று, இலை இரண்டு.

நியூட்ரான் சுவரிலும் இதே இரண்டுதான். முதலாவது, பிடிக்கும் திறன். ஒரு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றால், நான்கையும் ஒரே நிகழ்வில் பிடிக்கும் வாய்ப்பு 81-இல் ஒன்று. பத்தில் ஒன்று என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. அபூர்வமான அணுக்கருவை வைத்துக்கொண்டு செய்யும் சோதனையில், இது பல மாத உழைப்பைத் தின்றுவிடும்.

இரண்டாவதுதான் விஷமம். ஒரே நியூட்ரான் ஒரு கட்டையில் மோதி, திசை மாறி, இன்னொரு கட்டையிலும் மோதும். பதிவேட்டில் இரண்டு வரி. ஆங்கிலத்தில் கிராஸ்டாக் என்பார்கள், நான் இரட்டை எண்ணல் என்றே எழுதுகிறேன். ஆன்லைன் பணப்பரிமாற்ற நிரல் எழுதியவர்களுக்கு இது புரியும். பணம் ஒரு தடவைதான் போனது, நெட்வொர்க் இழுத்ததால் கோரிக்கை இரண்டு தடவை வந்தது, லாக்கில் இரண்டு பதிவு. எது நகல், எது நிஜமான இரண்டாவது பணம்? நமக்காவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் ஒட்டி அனுப்ப முடியும். நியூட்ரான் மேல் எண் ஒட்ட முடியாது.

அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு மோதல்களையும் எடுத்து, முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஒரே துகள் போயிருக்க என்ன வேகம் வேண்டும் என்று பார்க்கிறார்கள். மோதிச் சிதறிய நியூட்ரானால் போகவே முடியாத வேகம் என்றால், அவை நிச்சயம் இரண்டு வெவ்வேறு நியூட்ரான்கள். போக முடியும் என்றால் சந்தேகத்தின் பேரில் ஒன்றை நீக்கிவிட வேண்டியதுதான். தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. தூரத் தூர விழுந்த நியூட்ரான்கள் தப்பிக்கும், பக்கத்துப் பக்கத்தில் விழுந்த நிஜ ஜோடிகள் நகல் என்று தள்ளப்படும். இயற்பியல்காரர்கள் தேடுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பக்கத்து ஜோடிகளைத்தான்!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 200 எம்.இ.வி. வேகத்தில் சேர்ந்து வரும் இரண்டு நியூட்ரான்களுக்கு இடையே உள்ள ஒப்பீட்டு ஆற்றல் 0.1 எம்.இ.வி. என்றால், 10 மீட்டர் ஓடி முடிக்கும்போது அவை சுமார் 30 செ.மீ. விலகியிருக்கும். ரிக்கெனின் நெபுலா டிடெக்டரில் ஒரு கட்டையின் அகலம் 12 செ.மீ. ஆக, இரண்டு மூன்று கட்டை தள்ளி. மோதிச் சிதறிய நகலும் அதே அக்கம்பக்கத்தில்தான் விழும்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தத் துறையில் 'நான்கு நியூட்ரான்' என்பது அளவீடு இல்லை, தீர்ப்பு. டிடெக்டர் என்பது பாதி பிளாஸ்டிக், பாதி நிரல். கட்டுரையை எடைபோட வேண்டுமென்றால், தீர்ப்பு எப்படி எழுதப்பட்டது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆறு நிகழ்வுகள்

டெட்ரா நியூட்ரான் கதையின் நவீன அத்தியாயம் 2002-இல் பிரான்சின் கனில் ஆய்வகத்தில் தொடங்கியது. மிகுவேல் மார்க்கெஸ் குழு, பெரிலியம்-14 அணுக்கருவை உடைத்து, பெரிலியம்-10 மிஞ்சிய நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. மீதி நான்கு நியூட்ரான்கள். அவை ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தால் எப்படித் தெரியும்? ஒரே வேகத்தில் வரும் நான்கு மடங்கு கனமான பொருள் புரோட்டானை மோதினால், உதை பலமாக இருக்கும். பள்ளிக்கூட மோதல் கணக்குதான். தனி நியூட்ரான் அதிகபட்சம் தன் ஆற்றல் முழுவதையும் புரோட்டானுக்குத் தரலாம், விகிதம் 1. நான்கு சேர்ந்த கட்டி என்றால் அந்த விகிதம் 2.56 வரை போகலாம். டெமான் என்ற திரவ சிந்திலேட்டர் டிடெக்டரில் விகிதம் 1.4-க்கு மேல் போன நிகழ்வுகளைத் தேடினார்கள். கிடைத்தது ஆறு.

அழகான யோசனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று இருக்கிறது. இரண்டு தனி நியூட்ரான்கள் ஒரே டிடெக்டர் கட்டத்தில் ஒரே சமயம் விழுந்தாலும் உதை பலமாகத்தான் தெரியும். இரண்டு பேர் ஒரே இலையில் சாப்பிட்ட மாதிரி. அந்த வாய்ப்பைக் கணக்கிட்டு, அது போதாது என்று அவர்களே வாதிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் அறிவியல். ஸ்டீவன் பைப்பர் 2003-இல், கட்டுண்ட டெட்ரா நியூட்ரான் இருக்க வேண்டுமென்றால் மற்ற அணுக்கருக்களுக்குச் சரியாக வரும் கணக்குகளையெல்லாம் குலைக்க வேண்டியிருக்கும் என்று காட்டினார். பிராட்லி ஷெரில், கார்லோஸ் பெர்டுலானி இருவரும் 2004-இல், அந்த மோதல் மட்டுமே அத்தனை பலமான உதைகளைத் தருவது கடினம் என்று காட்டினார்கள். 2005-இல் மார்க்கெஸ் குழுவே, கட்டுண்ட துகள் வேண்டாம், 2 எம்.இ.வி.க்குக் கீழே ஒரு ஒத்ததிர்வு நிலை இருந்தாலும் ஒரே கட்டத்தில் பல நியூட்ரான்கள் விழுந்து இதே அடையாளத்தைத் தரலாம் என்று தங்கள் வாசிப்பை விரித்துக்கொண்டது.

இந்த 2002 கட்டுரையை இன்று கிண்டலாகப் பேசுவது சுலபம். எனக்கு அதன் மேல் மரியாதைதான். ஆறே நிகழ்வு, ஆறையும் மேசைமேல் வைத்தார்கள். எந்த ஓட்டை வழியாக அடிக்கலாம் என்பதும் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. அடித்தவர்கள் எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் அடித்தார்கள்.

குறைந்த சோற்றை வைத்து ஆள் எண்ணுவது

அடுத்து வந்தவர்கள் இலை எண்ணும் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அண்டாவில் எவ்வளவு சோறு குறைந்தது என்று பார்த்தால் போதாதா? இதற்குப் பெயர் விடுபட்ட நிறை முறை. உள்ளே போன எல்லாத்தையும் அளந்துகொள், வெளியே வந்த மின்னூட்டமுள்ள துகள்களை அளந்துகொள். கழித்தால் வருவது, நீ பார்க்காத பொருளின் ஆற்றலும் உந்தமும்.

2016-இல் கிசமோரி குழு ரிக்கெனில் இப்படிச் செய்தது. ஹீலியம்-8 கற்றையை ஹீலியம்-4 மேல் விட்டு, வெளியே வந்த பெரிலியம்-8-ஐ இரண்டு ஆல்ஃபா துகள்களாகப் பிடித்தார்கள். நான்கு நிகழ்வு. நான்கு நியூட்ரான்களும் பிரியும் எல்லைக்கு மேலே 0.83 எம்.இ.வி., பிழை எல்லை 0.65-உம் 1.25-உம். தலைப்பில் 'வேட்பாளர்' என்ற பொருளில்தான் சொல் போட்டார்கள். நாணயமான சொல்.

2022-இல் டூவர் குழு இன்னும் சுத்தமாகச் செய்தது. ஹீலியம்-8 என்பது ஒரு ஆல்ஃபா, சுற்றி நான்கு நியூட்ரான். 156 எம்.இ.வி. வீதம் வரும் ஹீலியம்-8-ஐ ஒரு புரோட்டானால் அடித்து, நடுவில் இருக்கும் ஆல்ஃபாவை மட்டும் உருவிவிடு. மேசையில் இருக்கும் பாத்திரம் அசையாமல் விரிப்பை உருவுகிற மாதிரி. புரோட்டானையும் ஆல்ஃபாவையும் அளந்து கழித்தால், மிஞ்சிய நான்கு நியூட்ரான்களின் மொத்த ஆற்றல் தெரியும். அதில் 2.37 எம்.இ.வி.யில் தெளிவான ஒரு சிகரம். பிழை எல்லை 0.38-உம் 0.44-உம். அகலம் 1.75 எம்.இ.வி. ஆயுளாக மாற்றினால் ஒரு விநாடியின் கோடிகோடியில் ஒரு பங்கைவிடவும் எவ்வளவோ குறைவு. இதே உத்தியை இரண்டே நியூட்ரான் உள்ள ஹீலியம்-6-இலும் செய்து, தெரிந்த விடை வருகிறதா என்று சரிபார்த்தும் இருக்கிறார்கள்.

இதன் பலத்தை மறைக்கக் கூடாது. இரட்டை எண்ணல் இல்லை. 81-இல் ஒன்று என்ற சாபம் இல்லை. 2016-இன் நான்கே நிகழ்வோடு ஒப்பிட்டால் புள்ளிவிவரம் எங்கேயோ உயர்ந்துவிட்டது. சிகரம் இருக்கிறது என்பதில் எனக்குத் தெரிந்து யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை என்னன்னா, அந்தச் சிகரம் எதனுடையது? நான்கு பேருக்கான சோறு குறைந்திருக்கிறது, சரி. வந்தது ஒரே குடும்பத்தின் நான்கு பேரா, இரண்டு ஜோடியா, தனித்தனி நான்கு பேரா என்பதை அண்டா சொல்லாது. 2023-இல் லசாஸ்காஸ், ஹியாமா, கார்போனெல் மூவரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஹீலியம்-8-க்குள்ளேயே அந்த நியூட்ரான்கள் எப்படி இருந்தன என்பதும், வெளியே வந்தபின் நியூட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று இழுப்பதும் சேர்ந்தாலே இப்படி ஒரு சிகரம் வரும், டெட்ரா நியூட்ரான் என்ற ஒத்ததிர்வு நிலை தேவையே இல்லை என்பது அவர்கள் கணக்கு.

இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சி ஒன்றுதான். நான்கு நியூட்ரான்களும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் பிரிந்தன என்ற தகவல். அதாவது எந்தத் தகவலை ஓரம்கட்டியதால் இந்த அளவீடு இவ்வளவு சுத்தமாக வந்ததோ, அதே தகவல். கட்டுரை 'தொடர்புள்ள' என்று அடக்கமாகச் சொல்லி, 'டெட்ரா நியூட்ரான்' என்ற பெயரைத் தலைப்பில் தவிர்த்தது உண்மைதான், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் 'அவதானிப்பு' என்ற சொல்லைப் படிக்கிற சாதாரண வாசகர், யாரோ நான்கு நியூட்ரான்களைப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். பார்த்தது நியூட்ரான்கள் விட்டுப்போன இடத்தை.

கஷ்டமான வழி

கோண்டோ குழுவுக்கு ஃபுளோரின்-29 கற்றை. ஒரு புரோட்டானை உருவினால் ஆக்சிஜன்-28. எட்டு புரோட்டான், இருபது நியூட்ரான், இரண்டுமே மாய எண்கள். பழைய பாடப்புத்தகப்படி கெட்டியாக நிற்க வேண்டிய அணுக்கரு. நிற்கவில்லை. ஆக்சிஜன்-24-ஆகவும் நான்கு நியூட்ரான்களாகவும் உடனே சிதறியது. அந்த நான்கையும் நெபுலாவிலும், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த நியூலேண்ட் மாதிரி டிடெக்டரிலும் சேர்த்துப் பிடித்தார்கள். சிதைவு ஆற்றல் வெறும் 0.46 எம்.இ.வி.

மேலே போட்ட 30 செ.மீ. கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 0.46 எம்.இ.வி.யை நான்கு பேர் பங்கு போட்டால் எல்லாமே அந்த அளவு நெருக்கத்தில்தான் விழும். அதைவிட மோசம், அவர்கள் பகுப்பாய்வின்படி ஆக்சிஜன்-28 முதலில் இரண்டு நியூட்ரான்களை விட்டு ஆக்சிஜன்-26 ஆகி, பிறகு அடுத்த இரண்டை விடுகிறது. ஆக்சிஜன்-26-இன் சிதைவு ஆற்றல் 0.018 எம்.இ.வி.தான் என்று 2016-இலேயே இதே சாமுராயில் அளந்திருந்தார்கள். அந்தக் கடைசி ஜோடிக்கு என் கணக்கைப் போட்டால் 10 மீட்டரில் அதிகபட்ச விலகலே சுமார் 13 செ.மீ. கிட்டத்தட்ட ஒரே ஒரு நெபுலா கட்டையின் அகலம்!

இங்கேதான் டிடெக்டர் வடிவமைப்பு என்பது வெறும் உபகரண விஷயம் இல்லை, வாதத்தின் பகுதி என்று புரிகிறது. ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆய்வகத்தில் 1990-களிலிருந்து உழைத்த லேண்ட் டிடெக்டரில் 10 செ.மீ. தடிமன் கொண்ட 200 கட்டைகள். ஒவ்வொன்றிலும் இரும்புத் தகடும் சிந்திலேட்டர் தகடும் மாறி மாறி. இரும்பு அடர்த்தியானது, நியூட்ரானை நன்றாக மோத வைக்கும். ஆனால் இரும்புக்குள் கொட்டிய ஆற்றல் நமக்குத் தெரியாது. அடுத்த தலைமுறையான நியூலேண்டுக்கும் முதலில் இரும்பும் வாயு அறைகளும் கலந்த திட்டம்தான் இருந்தது. அந்த வாயு அறைகளின் மாதிரிகளை உருவாக்கியதில் நம் கொல்கத்தா சாகா ஆய்வு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. கடைசியில் இரும்பையே தூக்கிவிட்டு, முழுக்க முழுக்க சிந்திலேட்டராக்கினார்கள். திட்டமிட்ட முழு வடிவத்தில் 5 செ.மீ. சதுர வெட்டும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட 3000 கட்டைகள், மொத்தம் 3 மீட்டர் ஆழம், 150 பிக்கோ விநாடிக்குள் நேரத் துல்லியம்.

ஏன் இந்த மாற்றம்? எண்ணுவதற்காகத்தான். கொட்டிய ஆற்றல் மொத்தமும் தெரிந்தால், எத்தனை கொத்து மோதல் என்பதோடு மொத்த ஆற்றலையும் சேர்த்து வைத்து, இது மூன்றா நான்கா என்று இன்னும் நம்பிக்கையாகத் தீர்ப்பு சொல்லலாம். இலையை மட்டும் எண்ணாமல், இலையில் விழுந்த சோற்றையும் சேர்த்து எண்ணுவது. ஒரு நியூட்ரானுக்குத் திறன் 95 சதவீதம் என்று வடிவமைத்தால், நான்கும் மோதுவதற்கான வாய்ப்பு 81 சதவீதம். அதில் நாலை நாலு என்று சரியாகச் சொல்வது அதைவிடக் குறைவுதான். ஆனாலும் 81-இல் ஒன்று எங்கே, இது எங்கே.

அதனால் 2023 கட்டுரையை நான் மேலே வைக்கிறேன். அது கண்டுபிடித்த பொருள் பெரியது என்பதற்காக இல்லை. ஒவ்வொரு நியூட்ரானும் தனித்தனியாகச் சாட்சி சொல்லியிருக்கிறது என்பதற்காக.

அங்கேயும் ஒரு ஓட்டை

பிடித்த கட்டுரை என்பதால் விட்டுவிட முடியாது. நான்கு நியூட்ரான்களைப் பிடிக்கும் டிடெக்டரை எதை வைத்துச் சோதித்தார்கள்? நெபுலா மாதிரி டிடெக்டர்களை லித்தியம்-7 மேல் புரோட்டானை விட்டு வரும் நியூட்ரானால் சோதிப்பது வழக்கம். அதில் ஒரு நிகழ்வுக்கு ஒரே நியூட்ரான். ஆகவே இரண்டாவதாகத் தெரிவது எல்லாமே நகல்தான், வடிகட்டி அதைத் தூக்குகிறதா என்று பார்க்கலாம். நல்ல சோதனை. ஆனால் அது ஒற்றை நியூட்ரானுக்கான சோதனை. தெரிந்த ஆற்றலில், தெரிந்த நெருக்கத்தில், சரியாக நான்கு நியூட்ரானைத் தரும் சோதனை மூலம் என்று ஒன்று கிடையாது. ஒன்றிலிருந்து நான்குக்குப் போகும் பாலம் முழுக்க சிமுலேஷன்.

சிமுலேஷன் எவ்வளவு நம்பகமானது? ஹைட்ரஜனில் நியூட்ரான் மோதுவது நன்றாகத் தெரிந்த விஷயம். கார்பனில் மோதும்போதுதான் சிக்கல். ஆல்ஃபாவாக உடையலாம், புரோட்டானைத் துப்பலாம், இன்னொரு நியூட்ரானையே துப்பலாம். அமெரிக்காவின் மோனா குழு, அதாவது கல்லூரி இளநிலை மாணவர்களை வைத்தே 144 கட்டைகளைக் கட்டி எழுப்பிய குழு, 2012-இல் இதைப் பரிசோதித்தது. உலகமே பயன்படுத்தும் ஜியான்ட்-4 மென்பொருளோடு வரும் மாதிரிகள் அவர்கள் தரவோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. அளவிடப்பட்ட எதிர்வினை விவரங்களைத் தனித்தனியாகப் போட்ட மெனாட்டே என்ற நிரல்தான் சரியாக வந்தது. பிளாஸ்டிக்கும் அதே, தரவும் அதே, மாதிரியை மாற்றினால் எண்ணிக்கை மாறுகிறது. இதைவிடத் தெளிவாக 'நிரலும் டிடெக்டர்தான்' என்பதைச் சொல்ல முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு நகல்நீக்கி எழுதினால் யாராவது உடனே கேட்பார்கள். நிஜமான எத்தனையைத் தூக்கிப் போட்டாய்? வரம்பைக் கொஞ்சம் மாற்றினால் விடை எவ்வளவு ஆடுகிறது? சோதனைத் தரவு எங்கே, நானும் ஓட்டிப் பார்க்கிறேன். நியூட்ரான் கட்டுரைகளிலும் இந்த மூன்று கேள்விக்குப் பதில் முன்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே என் விமரிசனம். முதல் இரண்டுக்கும் ஓரளவு பதில் இருக்கும், பெரும்பாலும் இணைப்புப் பக்கங்களில், சின்ன எழுத்தில். மூன்றாவது இன்னும் இந்தத் துறையில் வழக்கமாகவில்லை. சேர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். குழு 2014-இலிருந்தே தன் மோதல் தரவைப் பொதுவெளியில் வைக்கிறது. அதோடு ஒப்பிட்டால் அபூர்வ அணுக்கருச் சோதனைகளின் தரவு சின்னது. நான்கு நியூட்ரான் நிகழ்வுகளின் மோதல் பட்டியல், அதாவது இடம், நேரம், ஒளியளவு, ஒரு மடிக்கணினியில் அடங்கிவிடும். வடிகட்டி நிரலையும் கூடவே வைத்தால், தீர்ப்பை வாசிக்கிறவனும் திருப்பி எழுதிப் பார்க்கலாம்.

இதில் யாரையும் சந்தேகப்படுகிற தொனி வேண்டாம். இந்த ஆட்கள் ஒரு விநாடிக்குள் மறையும் பொருளை, முகம் காட்டாத துகளை வைத்து, பத்து மீட்டர் தள்ளி நின்று எண்ணுகிறார்கள். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தயப் பொருள் பெரியது. புரோட்டானே இல்லாமல், நியூட்ரான்கள் மட்டும் ஒரு கணமாவது கூடி நிற்க முடியுமா என்பது அணுக்கரு விசையைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்கின் அடிமடியில் கைவைக்கும் கேள்வி. நியூட்ரான் விண்மீன்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் நியூட்ரான்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்ததுதான்.

அடுத்த தடவை டெட்ரா நியூட்ரான் பற்றி ஒரு தலைப்பு கண்ணில் பட்டால், சிகரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். எண்ணினார்களா, கழித்தார்களா? எண்ணியிருந்தால், வடிகட்டி எதைத் தூக்கி எறிந்தது? கழித்திருந்தால், மிஞ்சியது ஒரு குடும்பம் என்று யார் சொன்னது? இந்தக் கேள்விகளுக்குக் கட்டுரைக்குள்ளேயே பதில் கிடைத்தால், 'அவதானிப்பு' என்ற சொல்லை அவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதுவரைக்கும் சாட்விக்கின் 'சாத்தியம்' ஒன்றும் கௌரவக் குறைச்சலான சொல் இல்லை.